வெள்ளித் தகடும் கரும்புத் தோட்டமும்



பேச்சைத் தொடங்குமுன் ஒரு பொருளை உங்களிடம் கொடுக்கிறேன். முன்வரிசையிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிப் பின்னால் அனுப்புங்கள். மூன்றேகால் அங்குல அகலம், நாலேகால் அங்குல உயரம். செம்புத் தகடுதான். பாத்திரக் கடைத் தெருவில் வெட்டி வாங்கி, முலாம் பூசுகிறவரிடம் கொடுத்து ஒரு பக்கம் மட்டும் வெள்ளி ஏற்றச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். இதில்தான் ஒரு காலத்தில் போட்டோ எடுத்தார்கள் என்றேன். "இதுல எப்படிங்க படம் விழும்?" என்றார். இன்று மாலை அவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்கு முன் என் கதை கொஞ்சம். எங்கள் அப்பா ஒரு சிற்றூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் பரண் முழுக்க அடுக்கியிருந்தன. இடம் போதவில்லை என்று ஒரு கோடை விடுமுறையில் அவற்றை இறக்கி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டு, மேலே இருந்த படலத்தைச் சுரண்டி எடுத்தோம். சுரண்டியவன் நான். எனக்கு அப்போது பத்து வயது. கல்யாணக் கோலத்தில் நின்ற ஒரு தம்பதி என் விரல் நகத்தில் கருப்பு அழுக்காக ஒட்டிக்கொண்டார்கள். கண்ணாடி பளிச்சென்று வந்தது. அதைச் சாமி படங்களுக்குச் சட்டம் போடப் பயன்படுத்தினோம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஸ்டூடியோக்களில் இது நடந்திருக்கிறது. பேர் தெரியாத ஒரு ஸ்டூடியோக்காரரின் தடத்தைத் தேடிப் போகும்போதெல்லாம் அந்த நகக்கண் அழுக்கு எனக்கு ஞாபகம் வரும்.

இன்று நான் பேச வந்திருப்பது அகஸ்டஸ் வாஷிங்டன் என்பவரைப் பற்றி. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் டிரென்டன் நகரத்தில், 1820 வாக்கில் பிறந்தவர். தந்தை கிறிஸ்டியன் வாஷிங்டன், வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். டிரென்டனில் சிப்பி உணவு விற்கும் கடை நடத்தினார். தாய் தெற்காசிய வம்சாவளியினர். மகன் பிறந்த சிறிது காலத்திலேயே இறந்துவிட்டார். தெற்காசியா என்று படித்ததும் நமக்குக் காது நிமிர்கிறது, உண்மைதான். ஆனால் அந்த அம்மாவை உடனே நம் ஊர்க்காரராக்கிக் கொண்டாடக் கிளம்பிவிடக் கூடாது. வாஷிங்டன் கறுப்பினத்தவராக வாழ்ந்தார், கறுப்பினத்தவராகப் போராடினார். அவருடைய வாழ்க்கையை அவர் நின்ற இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

பையனுக்குப் படிப்பு மேல் தணியாத ஆசை. வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்தார். அங்கே பகை வளர்ந்ததும் படிப்பு நின்றது. பதின்ம வயதிலேயே கறுப்பினச் சிறுவர்களுக்குத் தானே ஒரு பள்ளி தொடங்கினார். பிறகு நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா கல்வி நிலையம், புரூக்ளினில் ஆசிரியர் வேலை, நியூ ஹாம்ப்ஷயரில் கிம்பல் யூனியன் பள்ளி என்று அலைந்து, 1843இல் டார்ட்மத் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அங்கே இருந்த ஒரே கறுப்பின மாணவர் அவர்தான்.

கையில் பணம் இல்லை. அந்த முதலாண்டுக் குளிர்கால விடுமுறையில் ஒரு தொழில் கற்றுக்கொண்டார். கல்லூரிப் பேராசிரியர்களையும் ஊர்க்காரர்களையும் உட்காரவைத்துப் படமெடுத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். அந்தத் தொழிலின் பெயர் டாகரோடைப். லூயி டாகர் கண்டுபிடித்தது. 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. நாலே ஆண்டில் கடல் தாண்டி, நியூ ஹாம்ப்ஷயரின் பனிக்குள் ஒரு ஏழை மாணவன் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது முலாம்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கும் தகட்டைப் போன்ற ஒன்றை எடுத்து, மெருகுப் பொடி போட்டு, தோல் சுற்றிய கட்டையால் தேய்க்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகிற வரை தேய்க்க வேண்டும். ஒரு கீறல் இருந்தால் அது படத்தில் யாரோ ஒருவருடைய கன்னத்தில் விழும். பிறகு இருட்டான பெட்டிக்குள் அயோடின் ஆவியிலும் புரோமின் ஆவியிலும் அதைக் காட்டுவார்கள். வெள்ளிப் பரப்பு மஞ்சளாகி, இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் பதம் தெரியும். பாகு காய்ச்சுகிறவருக்குக் கம்பிப் பதம் தெரிவது போல. உடனே கேமராவுக்குள் வைத்துப் படமெடுக்க வேண்டும். வெளியே எடுத்தால் தகட்டில் ஒன்றும் தெரியாது. பாதரசத்தைச் சூடாக்கி, அந்த ஆவிக்கு மேல் தகட்டைக் கவிழ்த்தால் முகம் மெல்ல எழும்பி வரும். ஹைப்போ என்ற உப்பின் கரைசலில் கழுவி, தங்கக் குளோரைடு ஊற்றிச் சூடு காட்டி உறுதிப்படுத்துவார்கள். பாதரச ஆவியைத் தினமும் சுவாசித்துக்கொண்டு செய்த வேலை இது.

இதில் நெகட்டிவ் கிடையாது. தகடு ஒன்று, படம் ஒன்று. பிரதி வேண்டுமென்றால் மறுபடி உட்கார வேண்டும், அல்லது அந்தத் தகட்டையே படமெடுக்க வேண்டும். இன்னொன்று, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறித் தெரியும். தையல்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் அந்தக் காலத்துத் தகட்டைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்: ஆண்களின் கோட்டில் பொத்தான் பெண்கள் பக்கம் இருக்கும். வலக்கையை உயர்த்தினாரா இடக்கையை உயர்த்தினாரா என்று ஒரு படத்தை வைத்து வாதாடுமுன் பொத்தானைப் பார்ப்பது என் வழக்கம்.

ஆள் ஆடாமல் இருக்க வேண்டும். சில நொடிகளிலிருந்து, வெளிச்சம் குறைந்தால் அரை நிமிடம் வரை. நாற்காலிக்குப் பின்னால் ஒரு இரும்புத் தண்டு, அதன் உச்சியில் பிறை போன்ற கவ்வி, தலையின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்ளும். "ஆடாம இருங்க, கண்ணு கொட்டாதீங்க" என்று அப்பா சொல்கிற குரல் எனக்கு இங்கேயும் கேட்கிறது. ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்த மனிதர், யாராக இருந்தாலும், அந்தச் சில நொடிகளுக்குப் படமெடுப்பவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1844இல் கடன் கழுத்தை நெரித்ததால் வாஷிங்டன் கல்லூரியை விட்டு வெளியேறினார். சம்பாதித்துவிட்டுத் திரும்பி வந்து படிப்பதுதான் எண்ணம். திரும்பவே முடியவில்லை. கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில், டால்காட் தெரு தேவாலயத்தைச் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியரானார். அந்தத் தேவாலயப் போதகர் ஜேம்ஸ் பெனிங்டன், மேரிலாந்தில் அடிமையாக இருந்து தப்பி வந்தவர். 1846இல் வாஷிங்டன் ஹார்ட்ஃபோர்ட்டில் தன் டாகரோடைப் கூடத்தைத் திறந்தார்.

வசதியான கூடம். ஐம்பது சென்ட் கொடுத்தாலும் படம் கிடைக்கும், பத்து டாலர் கொடுத்தாலும் கிடைக்கும். பெண்கள் உடை சரிசெய்துகொள்ளத் தனி அறை வைத்து, உதவிக்கு ஒரு பெண்ணையும் நியமித்தார். நம் ஊர் ஸ்டூடியோக்களின் மூலையில் கண்ணாடியும் சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்குமே, அந்தக் கரிசனம்தான். நகரத்துப் பெரிய குடும்பங்கள் படியேறி வந்தன. ஏட்னா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் முதல் தலைவரான எலிஃபலெட் பல்கிலியின் குடும்பம் அவற்றில் ஒன்று.

அடுத்த ஆண்டு, 1847இல், கனெக்டிகட்டில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று கேட்டார்கள். வாக்களித்தவர்கள் வெள்ளை ஆண்கள் மட்டுமே; 1818ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. பெருவாரியாக வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதே நகரத்தில், அதே மாதங்களில், அந்த வாக்காளர்களில் சிலர் வாஷிங்டனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அவர் சொன்னபடி முகவாயை உயர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த அறைக்குள் அவர் சொல் எடுபட்டது. வாசலைத் தாண்டினால் ஒரு வாக்குச் சீட்டுக்குக்கூட அவருக்கு உரிமை இல்லை. இந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இந்தக் காலத்தில்தான் அவருடைய மிகப் பேர்போன படம் எடுக்கப்பட்டது. ஹார்ட்ஃபோர்ட்டிலிருந்து சுமார் 25 மைல் தூரத்தில், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜான் பிரவுன் என்ற வெள்ளையர் கம்பளி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். 1846 அல்லது 1847இல் வாஷிங்டனின் கூடத்துக்கு வந்தார். அப்போது அவர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1859 அக்டோபரில், ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கி அடிமைகளின் எழுச்சியைத் தூண்ட முயன்று பிடிபட்டு, டிசம்பர் 2ஆம் தேதி தூக்கிலேறியவர் அவர். இன்று நாம் காணும் பல படங்களில் நெஞ்சுவரை வெண்தாடி இருக்கும். வாஷிங்டனின் தகட்டில் தாடி இல்லை. மழித்த முகம், இறுகிய வாய், நேரே நம்மைத் துளைக்கும் பார்வை. ஒரு கை சத்தியம் செய்வது போல உயர்ந்திருக்கிறது. இன்னொரு கை ஒரு கொடியைப் பற்றியிருக்கிறது. அடிமைகளை மலைகள் வழியாக விடுவித்து அழைத்துச் செல்ல அவர் மனத்தில் வரைந்திருந்த இரகசியத் திட்டத்தின் கொடி அது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நான் இந்தப் படத்தைப் பார்க்கும்போது கொடியை அதிகம் பார்ப்பதில்லை. உயர்த்திய கையைப் பார்க்கிறேன். அரை நிமிடம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்று பாருங்கள், நடுங்கும். அந்தக் கை கலங்காமல் விழுந்திருக்கிறது. வழக்கமாக ஸ்டூடியோவில் யாரும் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லமாட்டார்கள், படம் கெட்டுவிடும். இங்கே படத்தில் இருப்பவரும் எடுத்தவரும் பேசி ஒத்துக்கொண்டு செய்த காரியம் இது. ஒரு வெள்ளையர் அடிமை ஒழிப்புக்குச் சத்தியம் செய்கிறார்; எதிரே கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் அடிமையாக இருந்தவரின் மகன். அந்தச் சத்தியத்துக்கு வாஷிங்டன் சாட்சி என்றே நான் சொல்வேன்.

அந்தத் தகடு, உங்கள் கையில் சுற்றுவதன் அளவுதான், 1996இல் வாஷிங்டன் நகரத்துத் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதை வாங்க உதவிய நன்கொடை ஆகஸ்ட் பாண்டி என்பவரின் கொள்ளுப்பேத்தி கொடுத்தது. பாண்டி, வியன்னாவிலிருந்து குடியேறிய யூதர். கன்சாஸில் ஜான் பிரவுனோடு சேர்ந்து போரிட்டவர். தோழமை நாலாம் தலைமுறையில் ஒரு தகட்டை மீட்டுக் கொடுத்திருக்கிறது. 1999இல் அதே அருங்காட்சியகம் அகஸ்டஸ் வாஷிங்டனுக்கென்றே ஒரு தனிக் கண்காட்சி நடத்தியது.

ஜான் பிரவுனோடு நிறுத்திக்கொண்டால், பெரிய மனிதரைப் படமெடுத்த சிறிய மனிதர் என்ற வரிக்குள் வாஷிங்டனை அடைத்துவிடுவோம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. எடுத்தவரின் கதை அங்கிருந்து இன்னும் வெகுதூரம் போகிறது.

1850இல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. வட மாநிலங்களில் சுதந்திரமாக இருந்தவர்களுக்கும் வயிற்றில் புளி கரைந்தது. போதகர் பெனிங்டன் வெளிநாட்டில் தங்கவேண்டியதாயிற்று. ஹார்ட்ஃபோர்ட் வழக்கறிஞர் ஜான் ஹூக்கர் 1851இல் அவரை விலைக்கு வாங்கி விடுவித்த பிறகே நாடு திரும்பினார். ஆம், விலைக்கு வாங்கி. வாஷிங்டனுக்கு அப்போது மனைவி கார்டிலியாவோடு இளங்குடும்பம். கூடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மண்ணில் தன் பிள்ளைகள் தலைநிமிர முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். 1851இல் நியூயார்க் டிரிப்யூன் ஏட்டில் நீண்ட கடிதம் எழுதினார்: கறுப்பினத்தவர் ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்வதே வழி என்று. அப்படி அனுப்பிவைப்பதற்கென்றே இருந்த அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தைக் கறுப்பினத் தலைவர்களில் பெரும்பாலோர் வெறுத்தார்கள். நம்மைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்றார்கள். வாஷிங்டனும் முன்பு அந்தப் பக்கம்தான் இருந்தவர். கருத்தை மாற்றிக்கொண்டதற்கு ஏச்சு வாங்கினார்.

1853 நவம்பரில் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் கப்பலேறினார். பெட்டிகளில் துணிமணிகளோடு வெள்ளித் தகடுகளும் அயோடினும் பாதரசமும் போயின. லைபீரியா 1847இல்தான் குடியரசாகியிருந்தது. தலைநகர் மன்ரோவியாவில் மறுபடி கூடம் திறந்தார். புழுக்கமும் மழையும் டாகரோடைப்புக்குப் பகை. மெருகேற்றிய தகடு காத்திருக்காது, கருக்கத் தொடங்கிவிடும். அந்தச் சூழலில் அவர் எடுத்த தகடுகள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. ஹார்ட்ஃபோர்ட் தகடுகளுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. வணிகர் யூரியாஸ் மெக்கில் இருக்கிறார். பின்னாளில் குடியரசுத் தலைவரான எட்வர்ட் ராய் இருக்கிறார். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஆல்ஃபிரட் ரசல் இருக்கிறார்.

இவற்றில் லைபீரிய மேலவை உறுப்பினர்களின் படங்கள் தனி வகை. ராபர்ட் கிரிஃபின் என்ற ஓவியர் 1856 வாக்கில் மேலவைக் கூட்டம் நடப்பதை நீர்வண்ணத்தில் வரைந்தார். ஒரு கூடத்தில் அத்தனை பேரையும் ஒரே தகட்டில் பிடிக்க அன்றைய வெளிச்சத்துக்கும் வில்லைக்கும் சக்தி இல்லை. ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியே, அவரவர் சபையில் இருக்கும் நிலையில், சிலரை நின்றபடி, சிலரை மேசையருகே உட்கார்ந்தபடி, வாஷிங்டன் படமெடுத்தார். அந்தத் தகடுகளைப் பார்த்து ஓவியர் சபையைக் கூட்டினார் என்று கருதுகிறார்கள். தகடுகளையும் ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதே கோட்டு, அதே தோள் திருப்பம். ஹார்ட்ஃபோர்ட்டில் வாக்குச் சீட்டு மறுக்கப்பட்டவர், இங்கே தன் நிறத்தவர்கள் சட்டம் இயற்றும் சபையை ஒவ்வொரு முகமாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சபை, அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சபை. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கு 1904 வரை குடியுரிமை கிடையாது. வாஷிங்டன் கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்தவர் அல்ல. வந்த சில மாதங்களிலேயே, புதிதாக வருகிறவர்கள் காய்ச்சலிலும் கவனிப்பின்மையிலும் மடிவதைக் கடுமையாகக் கண்டித்து அமெரிக்க ஏடுகளுக்கு எழுதினார். ஆனாலும் அவரும் குடியேறிகளின் வரிசையில் நின்றவரே. அவரை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

செயின்ட் பால் ஆற்றங்கரையில் நிலம் வாங்கிக் கரும்பு பயிரிட்டார். சியரா லியோன் வரை போய்ப் படமெடுத்துச் சம்பாதித்ததும் தோட்டத்துக்குள் போயிற்று. ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் தோட்டமாக அது வளர்ந்தது. வளர வளரக் கேமரா ஒதுங்கிற்று. 1863இல் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் தலைவரானார். 1871இல் மேலவை உறுப்பினரானார். 1875இல் மன்ரோவியாவில் காலமானார்.

என் நண்பர் ஒருவர், நிழற்படக் கலைஞர், இதைக் கேட்டு வருந்தினார். இவ்வளவு கைத்திறம் உள்ளவர் கரும்புக்காகக் கேமராவை விட்டாரே என்றார். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் தடவை படிக்க வேண்டும் என்று அவர் அதைக் கையில் எடுத்தார். இரண்டாம் தடவை குடும்பம் நடத்த. மூன்றாம் தடவை புதிய மண்ணில் காலூன்ற. அவர் தேடியது கலைஞர் என்ற பேரை அல்ல. யாரும் தன்னை எழுந்துபோ என்று சொல்ல முடியாத ஓர் இடத்தை. அந்த இடம் கிடைக்கிற வரை கையில் இருந்த ஒரே முதல் இந்தத் தகடுகள்தான். கைமுதலை அவர் ஒரு நாளும் அசட்டையாகக் கையாளவில்லை என்பதற்கு ஜான் பிரவுனின் நடுங்காத கை சாட்சி.

என் தகடு திரும்பி வந்துவிட்டது. பாருங்கள், எத்தனை விரல் ரேகைகள். டாகரோடைப்பில் விரல் பட்டால் முகமே துடைத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அதன்மேல் பித்தளைச் சட்டம் வைத்து, கண்ணாடி போட்டு, ஓரங்களைக் காகிதத்தால் ஒட்டி, வெல்வெட் பதித்த தோல் உறைக்குள் மூடி வைத்தார்கள். வாடிக்கையாளர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். பார்க்க வேண்டும்போது திறந்து, வெளிச்சத்துக்குத் தக்கபடி சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ஒரு சாய்வில் உருவம் மறையும், அடுத்த சாய்வில் வரும்.

திரையில் அந்தச் சாய்வைக் காட்ட முடியாது. இருந்தாலும் விளக்குகளை அணைக்கச் சொல்கிறேன். முதல் படம், லைபீரிய மேலவையின் காவல் அதிகாரி சான்சி பிரவுன். நேரே நம்மைப் பார்த்து நிற்கிறார். கோட்டின் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.